வார்டு கிளார்க் வேலைக்கான சான்றிதழ்ப் பயிற்சி: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை வார்டின் முகப்பு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளைச் சேர்ப்பது, அனுப்புவது, சந்திப்பு நேரம் எடுப்பது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது ஆகியவைதான் இந்த வேலை. வேறு துறையிலிருந்து மாற நினைப்பவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள், இப்போதுதான் சேர்ந்து தடுமாறுபவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

“வார்டு கிளார்க்” என்று தேடினால் வேலை விளம்பரமே வருவதில்லையே?

பெயர் மாறிவிட்டது. இங்குள்ள மருத்துவமனைகள் இந்த வேலையைப் பெரும்பாலும் ‘பேஷண்ட் சர்வீஸ் அசோசியேட்’ என்றே விளம்பரம் செய்கின்றன. பேச்சில் ‘பிஎஸ்ஏ’. மூத்த தாதியர் சிலர் இன்னும் வார்டு கிளார்க் என்றுதான் கூப்பிடுவார்கள். ‘ஹெல்த் யூனிட் கோஆர்டினேட்டர்’ என்பது அமெரிக்காவில் வழங்கும் பெயர். அதை வைத்து இங்கே தேடிப் பயனில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிறப்பு மருந்தகத்தில் (ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்) முகப்பில் பதிவு செய்பவருக்கும் இதே பெயர்தான். விளம்பரத்தில் ‘இன்பேஷண்ட்’ என்றோ ‘வார்டு’ என்றோ இருந்தால்தான் அது படுக்கைப் பிரிவு வேலை. மருந்தக வேலையில் வரிசை எண், கட்டணம், கூட்டம் என்று நாள் போகும். வார்டில் கூட்டம் குறைவு, ஆனால் ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு விஷயம் கேட்பார்கள். இரண்டுக்கும் வேண்டிய குணம் வேறு. விண்ணப்பிக்கும் முன்பே எது என்று கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ் இல்லாமல் சேர முடியுமா? உரிமம் ஏதும் வேண்டுமா?

உரிமம் வேண்டாம். தாதியர் சிங்கப்பூர் தாதிமை வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். வார்டு கிளார்க்குக்கு அப்படி ஒரு பதிவே கிடையாது. சான்றிதழ் இல்லாமலும் ஆள் எடுக்கிறார்கள். எடுத்தபின் மென்பொருள், தொற்றுத் தடுப்பு, தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றை மருத்துவமனையே சொல்லிக்கொடுக்கும்.

அதனால் எங்கள் ஆலோசனை சற்று தலைகீழாக இருக்கும். முதலில் வேலைக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால், பயிற்சியை முதலாளி செலவில் முடிக்கும் வழியைப் பாருங்கள். இரண்டு மூன்று முறை நேர்காணல் வரை போயும் “மருத்துவத் துறை அனுபவம் இல்லை” என்ற காரணத்தால் தட்டிப்போனால், அப்போது கைக்காசு போட்டுச் சான்றிதழ் எடுப்பது பொருத்தம். சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, வார இறுதி வேலை நேரம் ஒத்துவரவில்லை என்று விலகுபவர்கள் நிறைய. ஒத்துவருமா என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளலாம். அதற்கு வகுப்பு தேவையில்லை.

எந்தச் சான்றிதழை எடுப்பது? பெயர்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின் கீழ் வரும் டபிள்யூஎஸ்கியூ (தேசிய வேலைத்திறன் தகுதி முறை) பயிற்சியா என்று முதலில் பாருங்கள். ‘மைஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ தளத்தில் பயிற்சியின் குறியீட்டு எண்ணோடு தேடினால் தெரிந்துவிடும். அந்தத் தளத்தில் இல்லாத பயிற்சிக்கு மானியம் கிடைக்காது.

பிறகு நிறுவனத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். முடித்தால் கையில் கிடைப்பது முழுத் தகுதியா, அல்லது ஒரு பாடத்துக்கான தேர்ச்சிச் சான்று மட்டுமா? மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி நாள்கள் உண்டா, உண்டென்றால் அந்த இடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள்? பாடம் நடத்துபவர் வார்டில் வேலை பார்த்தவரா? இரண்டாவது கேள்விக்கு “நீங்களே இடம் தேடிக்கொள்ள வேண்டும்” என்று பதில் வந்தால் யோசியுங்கள். வெளியாள் ஒருவர் வார்டுக்குள் நுழைந்து நோயாளி விவரத்தைப் பார்க்க எந்த மருத்துவமனையும் எளிதில் விடாது.

விளம்பரத்தில் ‘ஹெல்த்கேர் சப்போர்ட்’ என்று இருக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் நோயாளியைக் குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது போன்ற பராமரிப்பு உதவியாளர் வேலைக்கானவை. நல்ல வேலைதான். ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல என்றால் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

அமெரிக்க இணையச் சான்றிதழ் ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

அமெரிக்காவில் இந்த வேலைக்கென 1980இல் தொடங்கிய தேசியச் சங்கமே இருக்கிறது. அது தேர்வும் நடத்துகிறது. அங்கே அதற்கு மதிப்பு உண்டு. இங்கே அதனால் கிடைப்பது மருத்துவச் சொல்லறிவு மட்டும்தான். காப்புறுதி, கட்டணம், சட்டம் பற்றிய பாதிப் பாடம் சிங்கப்பூருக்குப் பொருந்தாது. சொல்லறிவுதான் வேண்டும் என்றால் நூலகப் புத்தகம் போதும்.

செலவு எவ்வளவு வரும்? ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தைப் பயன்படுத்தலாமா?

மானியம் பெற்ற பயிற்சிகளில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணத்தில் 50 விழுக்காடு வரை கழியும். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரை. முழுக் கட்டணம் 1,000 வெள்ளி என்றால், 35 வயதுக் குடிமகனுக்கு 500, 45 வயதுக் குடிமகனுக்கு 300. இவற்றோடு ஜிஎஸ்டி தனி.

மிச்சத்துக்கு, குடிமக்களின் பயிற்சிக்காக அரசு பணம் போடும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கைப் பயன்படுத்தலாம். 25 வயதில் கிடைக்கும் முதல் 500 வெள்ளிக்குக் காலாவதி இல்லை. 2020இல் கூடுதலாகப் போட்ட 500 வெள்ளி 2025 டிசம்பர் 31உடன் காலாவதியாகிவிட்டது. அது இன்னும் இருக்கும் என்று எண்ணிப் பதிந்துவிட்டுக் கையிலிருந்து கட்ட நேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் முதல் 40 வயதைக் கடந்தோருக்குக் கொடுத்த 4,000 வெள்ளியில் ஒரு நுணுக்கம் உண்டு. அது தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டுமே செல்லும். இரண்டு நாள் தனிப்பாடம் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. முழுத் தகுதி தரும் பயிற்சி இருக்கலாம்.

விண்ணப்பத்தைப் பயிற்சி தொடங்கும் முன்பே போட வேண்டும். வகுப்பு முடிந்தபின் கேட்டால் கிடைக்காது. வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ மதிப்பீட்டுக்கு வராவிட்டாலோ மானியம் போய்விடும். நிறுவனம் முழுக் கட்டணத்தையும் உங்களிடம் கேட்கும். வருகை சிங்பாஸ் மூலம் பதிவாகிறது. கைபேசியில் சிங்பாஸ் வேலை செய்கிறதா என்று முதல் நாளுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முதலாளி கட்டினால் ஒப்பந்தத்தில் ‘பாண்டு’, அதாவது விலகாமல் வேலை பார்க்க வேண்டிய காலம், எத்தனை மாதம் என்று படியுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி வந்தேன். நான் சேரலாமா?

உங்கள் அட்டை எது என்பதைப் பொறுத்தது. நிரந்தரவாசியானால் மானியம் உண்டு. நீண்டகால வருகை அனுமதி பிளஸ் வைத்திருந்தாலும் உண்டு. ‘பிளஸ்’ இல்லாத நீண்டகால வருகை அனுமதியானால் முழுக் கட்டணம் கட்டிப் படிக்க நேரும். சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணந்தவர் என்றால் வேலை செய்வதற்கான ஒப்புதல் கடிதத்துக்கு விண்ணப்பிக்கலாம். கணவர் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருந்து நீங்கள் டிபெண்டண்ட் பாஸில் இருந்தால், 2021 மே 1 முதல் ஒப்புதல் கடிதம் போதாது; தனி வேலை அனுமதி வேண்டும். அதற்காக மருத்துவமனை முன்வருமா என்பதைப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் யோசியுங்கள்.

எனக்கு ஆங்கிலம் சுமார்தான். தாக்குப்பிடிக்க முடியுமா?

இலக்கணச் சுத்தமான ஆங்கிலம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எழுதியதைத் தப்பில்லாமல் படித்துத் தப்பில்லாமல் தட்டச்சு செய்வதுதான் முக்கியம். சில பயிற்சிகளில் சேர ‘ஓ’ நிலை அல்லது ‘என்’ நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். இல்லையென்றால் வேலையிட எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வு எழுதச் சொல்வார்கள். கடினமானதல்ல.

தொலைபேசிதான் பலருக்கும் பயம். ஒரு வழி இருக்கிறது: கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது. “படுக்கை 14, சிடி ஸ்கேன், பிற்பகல் 3.30, சரியா?” ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் இதைச் செய்தே ஆக வேண்டும். ‘ஃபிஃப்டீன்’ ‘ஃபிஃப்டி’ குழப்பம் எல்லா இனத்தவருக்கும் வரும். அதனால் படுக்கை எண்ணை “ஒன் ஃபைவ்” என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வது வழக்கம்.

வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள்? சுருக்கெழுத்தெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிக்கச் சொல்லித்தருவார்கள். ‘-ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘-எக்டமி’ என்றால் வெட்டி எடுத்தல், ‘-ஆஸ்டமி’ என்றால் வெளியே வாய் திறந்து வைத்தல், ‘-ஆட்டமி’ என்றால் கீறுதல். கடைசி மூன்றும் காதில் ஒன்றுபோலவே விழும். ‘ஹைப்பர்’ மிகுதி, ‘ஹைப்போ’ குறைவு. கையெழுத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ‘ஐலியம்’ என்று காதில் விழுந்தால் இன்னும் மோசம்: ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாறினால் சிறுகுடலின் கடைசிப் பகுதி இடுப்பெலும்பாகிவிடும். உச்சரிப்பு ஒன்றேதான். எழுத்துக்கூட்டிக் கேட்பதைத் தவிர வழியில்லை.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டியது காலக் குறியீடு. சிங்கப்பூர் மருத்துவர்கள் பிரிட்டிஷ் வழக்கப்படி காலத்தைப் பின்னமாக எழுதுவார்கள். கீழே 7 இருந்தால் நாள், 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். 5/7 என்றால் ஐந்து நாள். 2/52 என்றால் இரண்டு வாரம். 3/12 என்றால் மூன்று மாதம். மறுவருகைக்கு இங்கே ‘டிசியு’ என்று எழுதுவார்கள். ‘டிசியு 3/12’ என்பதைப் பார்த்துவிட்டுப் புதியவர் டிசம்பர் 3ஆம் தேதிக்கு நேரம் எடுப்பார். கணினியும் மறுக்காது, ஏனென்றால் அது செல்லுபடியாகும் தேதிதான். அக்டோபரில் வீடு திரும்பியவர் ஜனவரிக்குப் பதில் டிசம்பரில் வருவார். அதற்குள் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை எடுத்திருக்க மாட்டார்கள். மருத்துவர் பார்க்க ஒன்றும் இருக்காது.

இன்னொன்று ‘என்பிஎம்’, அதாவது வாய்வழி எதுவும் கூடாது. மயக்க மருந்துக்கு முன் திட உணவு ஆறு மணி நேரமும் தெளிந்த நீர் இரண்டு மணி நேரமும் நிறுத்துவது பொதுவான நடைமுறை. படுக்கையில் இருக்கும் பாட்டி “கண்ணு, கொஞ்சம் தண்ணி கொடு” என்று கேட்டால் எழுந்து கொடுக்கத்தான் மனசு சொல்லும். தலைமாட்டுப் பலகையைப் பார்க்காமல் கொடுத்தால் அன்றைய அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகலாம். “தாதியைக் கேட்டுச் சொல்றேன் பாட்டி” என்பதே சரியான பதில். இதே காரணத்தால்தான் ‘நள்ளிரவு முதல்’ என்ற உத்தரவில் எந்த நாளின் நள்ளிரவு என்று கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். 24 மணி நேரக் கணக்கில் 0000 என்பது புதிய நாளின் தொடக்கம்.

நோயாளி விவரங்களில் பிழை வராமல் பார்ப்பது எப்படி?

விதி எளிது: பெயர் மட்டும் போதாது, அடையாள எண்ணும் சேர்த்து இரண்டு. நடைமுறையில்தான் வழுக்குகிறது.

எண்ணிலிருந்து தொடங்குவோம். முன்னெழுத்து, ஏழு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. 2000க்கு முன் பிறந்த குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு முன்னெழுத்து ‘எஸ்’. 2000 முதல் பிறந்தவர்களுக்கு ‘டி’ (ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்து). வெளிநாட்டவருக்கு ‘எஃப்’ அல்லது ‘ஜி’. 2022 ஜனவரி 1 முதல் புதிதாகக் கொடுப்பது ‘எம்’. கடைசி எழுத்து சும்மா போட்டதல்ல. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்த மீதியிலிருந்து அது வருகிறது. 1234567 என்ற மாதிரி எண்ணை எடுத்தால் கூட்டுத்தொகை 106, மீதி 7. ‘எஸ்’ வரிசையில் அதற்குரிய எழுத்து ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து. நடுவில் 3ஐயும் 4ஐயும் இடம் மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 107, மீதி 8. எழுத்து மூன்றாவதாக மாறிவிடும். அதனால்தான் கணினி ‘செல்லாத எண்’ என்கிறது. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு அதை ஏற்கவைக்கப் பார்க்காதீர்கள். பிழை இலக்கத்தில் இருக்கும். அதை விட்டு எழுத்தை மாற்றினால் முன்பின் தெரியாத வேறொருவரின் பதிவு திறந்துகொள்ளும்.

தொலைபேசியில் எழுத்தைச் சொல்லும்போது நம் காதுக்கு ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ஒரே ‘டி’தான். ‘டெல்டா’, ‘டாங்கோ’ என்று சொல் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயருக்கு வருவோம். “நீங்க குமாரா?” என்று கேட்டால், காது கேட்காத தாத்தாவும் தலையாட்டுவார். “உங்க முழுப் பேர் சொல்லுங்க, அடையாள அட்டை எண் சொல்லுங்க” என்று கேட்பதுதான் முறை. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் அட்டையில் தந்தை பெயர் முன்னால் வந்திருக்கும். ‘ராமசாமி குமார்’ என்று இருப்பவரை “மிஸ்டர் ராமசாமி” என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அது ஊரில் இருக்கும் அப்பாவின் பெயர். இந்த இடத்தில் தமிழ் தெரிந்த கிளார்க் ஒரு வார்டுக்கே வரம். ஒரே வார்டில் ஒரே பெயரில் இருவர் சேர்ந்தால் உடனே தாதியிடம் சொல்லிப் பெயர் எச்சரிக்கை போட வேண்டும். முடிந்தால் அருகருகே படுக்கை கொடுக்கக் கூடாது.

நோயாளியின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இன்னொரு பொறி. வீடு திரும்பியவரின் மிச்ச ஒட்டுச்சீட்டுகள் மேசையில் கிடந்தால், அடுத்து அதே படுக்கைக்கு வந்தவரின் படிவத்தில் அவை ஒட்டிக்கொள்ளும். நோயாளி கிளம்பியவுடன் கிழித்து, ரகசியக் காகிதத் தொட்டியில் போடுங்கள். ரத்த மாதிரிக் குழாயில் கிளார்க் ஒட்டுச்சீட்டு ஒட்டவே கூடாது. ரத்தம் எடுத்தவர் படுக்கையருகில் ஒட்ட வேண்டியது அது. உங்கள் பங்கு, குழாயில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து அனுப்புவது மட்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஏன் இவ்வளவு தாமதம்? கிளார்க் என்ன செய்ய முடியும்?

காலைச் சுற்றில் மருத்துவர் “இன்று போகலாம்” என்பார். குடும்பம் பத்து மணிக்கே பையைக் கட்டிவிடும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் சுருக்கம் எழுத வேண்டும், மருந்து வர வேண்டும், மறுவருகை நேரம், மருத்துவ விடுப்புச் சான்று, கட்டண விவரம், வண்டி என்று சங்கிலி நீளும். இவற்றில் எதற்கு எது காத்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் நல்ல கிளார்க். மருந்துச்சீட்டு போகாமல் மருந்து கொடுக்கும் பிரிவு (ஃபார்மசி) வேலையைத் தொடங்காது, அதனால் சுற்று முடிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி “மருந்து எழுதியாச்சா?” என்பதுதான். மறுவருகைக்கு யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதை இடையில் எடுத்துவிடலாம். வண்டியைக் கடைசியாகப் பதிவு செய்வதே பலர் செய்யும் தவறு. படுத்தபடி போக வேண்டியவருக்குத் தனியார் ஆம்புலன்ஸ் வேண்டும். அவசரமல்லாத ஆம்புலன்ஸுக்கான எண் 1777. பதினோரு மணிக்கே கூப்பிடவில்லையென்றால் மாலைதான்.

விடுப்புச் சான்றில் தேதியைப் பாருங்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி சம்பளத்துடன் கூடிய மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள் வரை. சாதாரண நோய் விடுப்பு 14 நாளும் அதற்குள் அடக்கம். இரண்டுக்கும் சான்றில் வெவ்வேறு வகை. வகையோ தேதியோ தவறினால் நோயாளி ஒரு வாரம் கழித்து மீண்டும் வந்து நிற்பார். திருத்துவது உங்கள் வேலையல்ல, மருத்துவர்தான் திருத்த வேண்டும். ஆனால் கையில் கொடுக்குமுன் கண்ணில் பட்டிருக்க வேண்டியது உங்களுக்குத்தான்.

நோயாளி நடந்து வெளியேறியதும் படுக்கை நிலையைக் கணினியில் மாற்றுங்கள். இதை மதிய உணவுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால்தான் அவசரப் பிரிவில் ஒருவர் தள்ளுபடுக்கையில் காத்துக்கிடக்கிறார். நீங்கள் மாற்றாதவரை துப்புரவுப் பணியாளருக்கும் தகவல் போகாது, படுக்கை ஒதுக்கும் பிரிவுக்கும் அந்தப் படுக்கை காலி என்று தெரியாது.

சமூக மருத்துவமனைக்கு (சிகிச்சைக்குப் பின் தேறும்வரை தங்கும் இடம்) மாற்றும்போது?

பரிந்துரையை மருத்துவரும் மருத்துவ சமூக ஊழியரும் பார்த்துக்கொள்வார்கள். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு இடம் பார்த்துக் கொடுக்கும். கிளார்க் ஸ்கேன் பிரதிகள், மருந்துப் பட்டியல், குடும்பத் தொடர்பு எண் ஆகியவை உறையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நோயாளி ஆக்சிஜனில் இருந்தால் வண்டி பதியும்போதே சொல்லுங்கள்.

தெரிந்தவர்கள் போன் செய்து “எங்க அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டால்?

சிங்கப்பூரில் நம் சமூகம் சின்னது. கோயிலில் பார்த்தவர், பிள்ளையோடு படித்தவரின் அம்மா என்று யாராவது உங்கள் வார்டில் படுத்திருப்பார்கள். இருக்கிறார் என்று சொல்வதுகூடத் தகவல்தான். “குடும்பத்தில் பேசுவதற்குப் பதிவு செய்த ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள்” என்று பணிவாகச் சொல்லி முடியுங்கள்.

வேலை போகும் அளவுக்கு ஆபத்தானது, ஆர்வத்தில் பதிவைத் திறந்து பார்ப்பது. யார், எந்த நேரத்தில், எந்தக் கணினியில், எந்தப் பதிவைத் திறந்தார் என்பது முழுவதும் பதிவாகும். உங்கள் சொந்தத் தாயாரின் பதிவானாலும் வேலைக்குத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது. 2018இல் சிங்ஹெல்த் கணினிகளில் நடந்த இணையத் தாக்குதலில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் களவுபோனது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2019 ஜனவரியில் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அதன் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் இளக்காரமாக இருப்பதில்லை. எழுந்து போகும்போது திரையைப் பூட்டுங்கள், தண்ணீர் குடிக்கப் போனாலும்.

தமிழ் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

“கழிவறை எங்கே, சாப்பாடு சைவமா, மகன் எப்போது வருவார்” என்பதற்கெல்லாம் தாராளமாகச் செய்யலாம். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கும்போது வேண்டாம். ‘ரிஸ்க்’ என்பதை “ஒண்ணும் ஆகாது பாட்டி, சும்மா சொல்றாங்க” என்று ஆறுதலாக மாற்றிச் சொல்ல நாக்கு துடிக்கும். பிறகு ஏதாவது நடந்தால் அந்தப் பாட்டிக்கு உண்மை சொல்லப்படவே இல்லை என்றாகிவிடும். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் எங்கே இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொண்டு, அதை எடுத்து நீட்டுங்கள்.

இதேபோல், ஆய்வகத்திலிருந்து ஆபத்தான முடிவைத் தொலைபேசியில் சொல்ல வந்தால் எழுதிக்கொள்ளாதீர்கள். “இருங்கள், தாதியைக் கூப்பிடுகிறேன்” என்று கொடுத்துவிடுங்கள். மருந்து உத்தரவும் அப்படியே.

கட்டணம், காப்புறுதி பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும், தொகை சொல்லக் கூடாது. மெடிசேவ் என்பது மத்திய சேமநிதியில் உள்ள சொந்தப் பணம், 1984 முதல் இருக்கிறது. மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பர் 1இல் வந்த அடிப்படைக் காப்புறுதி. அதற்கு மேல் வாங்கிய தனியார் ஒருங்கிணைந்த திட்டம் இருந்தால் காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் முன்பணத்தைக் குறைக்கலாம். பி2, சி வார்டு வகுப்புகளில் மானியம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. “ஏ வகுப்பிலிருந்து சி வகுப்புக்கு மாறலாமா?” என்று கேட்டால் மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் அனுப்புங்கள்; “மாறலாம்” என்று ஒரு வார்த்தை சொன்னாலே அது வாக்குறுதியாகிவிடும்.

வெளிநாட்டு ஊழியர் வந்தால் முதலாளியின் தொடர்பு எண்ணை முதல் நாளே வாங்குங்கள். வேலை அனுமதி, எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி வாங்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அதற்கு முன் 15,000தான். 15,000க்கு மேற்பட்ட தொகையில் 25 விழுக்காட்டை முதலாளி ஏற்க வேண்டும். அந்த ஊழியர் இது தெரியாமல், கட்டணம் தன் தலையில் விழுமோ என்று பயந்து “போய்விடுகிறேன்” என்பார். மருத்துவர் சொல்லை மீறி வெளியேறுவதற்கு இங்கே ‘ஏஓஆர்’ என்பார்கள். படிவத்தை எடுத்து நீட்டுமுன் தாதியையும் சமூக ஊழியரையும் கூப்பிடுங்கள்.

வார்டில் மரணம் நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

பழைய குறிப்பேட்டை நம்பாதீர்கள். 2022 மே 29 முதல் மருத்துவர் இணையத்தில் மரணத்தைச் சான்றளித்ததும் அது தானாகவே பதிவாகிவிடும். குடும்பத்தினர் பதிவு செய்ய எங்கும் போக வேண்டியதில்லை. அரசின் ‘மை லெகசி’ தளத்தில் 30 நாளுக்குள் மின்னிலக்க இறப்புச் சான்றிதழைப் பதிவிறக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆவண எண் குடும்பத்தின் கையில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். அது இல்லாமல் இறுதிச்சடங்கு ஏற்பாடு நகராது. இந்துக் குடும்பங்கள் அன்றே மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோக விரும்பலாம். மரண விசாரணை அதிகாரிக்குப் போகும் மரணமானால் நேரம் யார் கையிலும் இல்லை. “சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும்” என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

வேலைக்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டா?

உண்டு. தட்டம்மை, சின்னம்மை, கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பொதுவாகப் பார்ப்பார்கள்; மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனையும் நடக்கும். இதயமீட்புச் சிகிச்சைப் பயிற்சிச் சான்று கேட்கும் இடங்களும் உண்டு; அது இரண்டு ஆண்டு செல்லும்.

மதிப்பீட்டில் தவறிவிட்டால்?

டபிள்யூஎஸ்கியூவில் மதிப்பெண் கிடையாது. ‘தகுதி பெற்றார்’ அல்லது ‘இன்னும் தகுதி பெறவில்லை’ என்று இரண்டே முடிவு. மறுமதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். எழுத்துத் தேர்வைவிட நடிப்புப் பயிற்சியில்தான் பலர் தவறுகிறார்கள். கோபமாக வரும் உறவினராக மதிப்பீட்டாளர் நடிப்பார். அவரைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் நோயாளியின் விவரத்தைச் சொல்லிவிடுவார்கள். மதிப்பீட்டாளர் காத்திருப்பதே அதற்குத்தான்.

நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

சம்பளத்தைப் பற்றி ஊகிக்க வேண்டாம். ‘மைகரியர்ஸ்ஃபியூச்சர்’ தளத்தில் ஒவ்வொரு விளம்பரத்திலும் சம்பள வரம்பு போட்டிருக்கும். “ஒரே நேரத்தில் தொலைபேசி அடிக்கிறது, மருத்துவர் கேட்கிறார், எதிரே குடும்பம் நிற்கிறது, என்ன செய்வீர்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். “மூன்றையும் சமாளிப்பேன்” என்பது பதிலல்ல. எதிரே நிற்பவரைப் பார்த்து “ஒரு நிமிஷம்” என்று கையைக் காட்டி, தொலைபேசியை எடுத்து அவசரமா என்று கேட்டுக் காத்திருப்பில் போட்டு, மருத்துவருக்கு வேண்டியது இப்போதே நடக்க வேண்டியதா என்று கேட்பேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

இரவில் பத்து நிமிடம் ஒதுக்கி வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். யாரையாவது பத்துக் கற்பனை அடையாள எண்களையும் படுக்கை எண்களையும் ஆங்கிலத்தில் வேகமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதி, திருப்பி வாசித்து, எத்தனை தப்பு என்று பாருங்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கட்டும்; வார்டு அதைவிடச் சத்தமாக இருக்கும்.